ஒரே ஒரு குறை

அந்தப் பாக்ஸிங் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. ரிங்குக்குள் இரண்டு பேர் பயிற்சிச் சண்டை போட்டு முடித்தால், கிளவுஸைக் கழற்றுவதற்கு முன்னால் ஒருவர் மற்றவருக்கு ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஒன்றே ஒன்று. இரண்டு சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம், ஒன்றும் சொல்லாவிட்டால் திமிர். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று வழவழ கொழகொழவென்று பேசி நழுவப் பார்த்தவர்களை மறுநாள் தரையைத் துடைக்க விட்டிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டவரும் எதிர்ப்பேச்சு பேசக் கூடாது. தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியதுதான்.

"நல்ல கூத்துடா இது. வீட்ல குறை சொன்னா சண்டை வரும். உங்க கூடத்துல சண்டை போட்டா குறை வருது" என்று மாஸ்டரின் அக்கா கிண்டல் செய்வாள்.

மாஸ்டர் என்றால் கூடத்தை நடத்துகிறவர். டயர் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் வருகிற நீளமான அறைதான் கூடம். கீழேயிருந்து ரப்பர் வாடை, மேலே வியர்வை வாடை, இரண்டும் படியின் நடுவில் சந்தித்துக்கொள்ளும். உத்தரத்திலிருந்து மணல் மூட்டைகள் தொங்கும். பாதிச் சுவரை ஒரு பெரிய படம் அடைத்துக்கொண்டிருக்கும். தோளில் பெல்ட், புருவத்தில் தையல், அதோடு சேர்த்து ஒரு சிரிப்பு. அதுதான் சாம்பியன். சாம்பியன், மாஸ்டரின் மனைவி. அங்கேதான் இடிக்கிறது.

மாஸ்டரும் ஒரு காலத்தில் நல்ல கைதான். இரண்டு முறை அரையிறுதி வரைக்கும் போய், இரண்டு முறையும் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர். அந்தச் சமயத்தில்தான், பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலையை முடித்துவிட்டு, அதே சீருடையோடு ஒரு பெண் கூடத்துக்கு வந்து நின்றாள். அவளோடு முதல்முறை ரிங்கில் ஏறி இறங்கியபோது அவர் சொன்ன குறை இது: "அடிக்கறதுக்கு முன்னாடி உதட்ட கடிக்கற. தகவல் சொல்லிட்டு வந்து அடிக்கற மாதிரி இருக்கு." மறுநாளிலிருந்து அவள் உதட்டைக் கடிக்கவில்லை. அவர் சொன்ன அடுத்த குறையும் அப்படித்தான் போனது. மற்றவர்களுக்கு ஒரு குறையை ஒழிக்க மாதக்கணக்காகும். இவள் துணியில் விழுந்த தூசியைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு வந்து நிற்பாள்.

கல்யாணம் ஆயிற்று. அவள் சாம்பியன் ஆனாள். பெல்ட்டைப் பறிக்க வந்தவர்களையெல்லாம் வந்த வழியே அனுப்பி வைத்தாள். 'அந்த பெல்ட்டில் பதித்திருப்பது பித்தளை இல்லை, நான் சொன்ன குறைகள்' என்று மாஸ்டர் நினைத்துக்கொள்வார். யாரிடமும் சொன்னதில்லை, தன் வயிற்றைத் தவிர. வயிறு அதைக் கேட்டு எரிந்துகொண்டிருந்தது.

பிறகு பாப்பா வயிற்றில் வந்தாள். சாம்பியன் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓய்வு என்று அறிவித்தாள். கூடமே இடிந்துபோய் உட்கார்ந்தது. மாஸ்டரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். உள்ளே என்னவோ புழுக்கமான அறையில் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. அதுவரைக்கும் 'சாம்பியன் வீட்டுக்காரர்' என்று கூப்பிட்டவர்கள், மெல்ல மெல்ல 'மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாப்பாவை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு சாம்பியன் மாலையில் வந்து ஓரமாக நிற்பாள். அவளும் கிண்டலாக, "மாஸ்டர், சாப்பிட வரீங்களா?" என்பாள். அந்த நாலு வருஷமும் மாஸ்டர் நன்றாகத் தூங்கினார்.

ஒரு நாள் காலையில், பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஏங்க, நான் திரும்ப ரிங்ல ஏறலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?" என்று வாயில் வந்துவிட்டது. பிறகு சமாளித்தார். "இல்ல, உடம்பு கேக்கணுமே."

"உடம்புதான் கேக்குது. அதான் ஏறறேன்."

விஷயம் படிக்குக் கீழே இறங்குவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோர், மாஸ்டரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சாம்பியன் இருக்காங்களா? ஓ, நீங்க அவங்க ஹஸ்பண்டா?" என்றார்கள். ஒரே ராத்திரியில் பதவி பறிபோன மாதிரி ஆயிற்று. அவள் ஸ்கிப்பிங் ஆட ஆரம்பித்தால் கூடத்தில் அத்தனை பேரும் கையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாஸ்டர் விசில் ஊதினார். ஒருவரும் திரும்பவில்லை. விசில்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக வேண்டியதில்லை. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தார், சத்தியமாக. அவளுக்கு ஜுரம் வந்தால் இவருக்குச் சோறு இறங்காது. அவளுக்குக் கைதட்டல் வந்தாலும் இறங்காது, அவ்வளவுதான்.

அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவர்கள் குடியிருந்த மாடியிலேயே அடுத்த வீட்டில் இருந்துகொண்டு பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். "என்னடா, வயிறு எரியுதா?" என்று நேராகவே கேட்டாள்.

"அக்கா, சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் மூஞ்சிதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

பயிற்சிக்கு வேறு கோச் வேண்டாம் என்று சாம்பியன் சொல்லிவிட்டாள். சொல்லிக்கொடுப்பது, எதிரே நின்று அடி வாங்குவது, சண்டை அன்று மூலையில் நின்று தண்ணீர் கொடுப்பது, எல்லாமே மாஸ்டர்தான். "வேற யாரு கண்ணுக்கும் தெரியாதது உங்க கண்ணுக்குத் தெரியும்" என்றாள். மாஸ்டர் அரை நாளைக்குச் சந்தோஷமாக இருந்தார். அதற்கப்புறம், 'என் கண் வேணும், என் பேர் வேணாம்' என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது.

காலையில் மாணவர்கள் வருவதற்கு முன்னால் இருவரும் ரிங்கில் ஏறினார்கள். ஆரம்பத்தில் அவளுக்குக் கால் கனத்தது, மூச்சு வாங்கியது. கொஞ்ச நாளில் இரண்டும் வழிக்கு வந்தன. அப்படி ஒரு காலையில், களைத்துப்போய்க் கடைசி ரவுண்டு ஆடிக்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டர் அதைப் பார்த்தார்.

அவள் வலது கையால் குத்தினாள். குத்து அம்சமாக வந்தது. ஆனால் திரும்பிப் போன கை, கன்னத்துக்குக் காவலாகப் போகவில்லை. கீழே இறங்கி இடுப்புப் பக்கம் போய், அங்கே ஒரு நொடி வளைந்து நின்றது. அப்புறம்தான் மேலே ஏறியது. மறுபடியும் அப்படியே. களைப்பு ஏற ஏற, ஒவ்வொரு முறையும் அப்படியே.

மாஸ்டருக்கு அது என்ன என்று விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் சிலிர்த்துவிட்டது. அவள் பாப்பாவைத் தாங்குகிறாள். நாலு வருஷமாக அந்த இடுப்பில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. உடம்பு களைத்ததும் கை தானாகவே அதைத் தேடிப் போகிறது. அந்த ஒரு நொடி, வலது கன்னம் கதவைத் திறந்து போட்ட வீடாக இருந்தது. பக்கவாட்டில் வளைந்து வருகிற இடது கைக் குத்து, அதுதான் ஹூக் என்பது, அதைக் கண்ணை மூடிக்கொண்டே அவரால் இறக்கியிருக்க முடியும்.

இறக்கவில்லை. இடது கையை மடக்கி வைத்துக்கொண்டார்.

மணி அடித்தது. பல்லைக் காக்கிற வாய்க்காப்பைத் துப்பிவிட்டு அவள் கேட்டாள்: "குறை?"

சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார். வேர்த்து வடிந்துகொண்டு, ஓய்வெடுத்ததே தெரியாத மாதிரி, சுவரில் இருக்கிற படத்தைவிட நன்றாக நின்றுகொண்டிருந்தாள். இப்போது சொன்னால் நாளைக்கு இந்தக் குறையும் இருக்காது. அப்புறம் அவளிடம் சொல்வதற்கு என்ன இருக்கும்?

"மூச்ச வாயால விடற" என்றார்.

பொய்யில்லை, அதுவும் உண்மைதான். இரண்டு உண்மையில் சின்னதைப் பொறுக்கிக் கொடுத்தார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளை வந்ததும் அதற்கு மறுநாள் என்று தள்ளிப்போட்டார். அவளிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பது இத்தனை ருசியாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தோளைப் பற்றிச் சொன்னார், குதிகாலைப் பற்றிச் சொன்னார், பார்வையைப் பற்றிச் சொன்னார். கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவள் மோதப் போவது 'நெட்டை' என்கிற பட்டப்பெயர் கொண்ட இப்போதைய சாம்பியனோடு. நெட்டையின் இடது ஹூக் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. அது மாஸ்டருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே படுத்தார், தெரிந்துகொண்டே எழுந்தார். நடுவில் தூக்கம் மட்டும் வரவில்லை.

சொல்லாமல் இருந்தாரே ஒழிய, எப்படிச் சொல்வது என்று யோசிக்காமல் இருக்கவில்லை. 'கை இறங்குது' என்று சொன்னால் அது யார் வேண்டுமானாலும் சொல்கிற பேச்சு. இது வேறு யாருக்கும் தெரியாத விஷயம், அதற்குத் தகுந்த வார்த்தை வேண்டாமா? ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது அது வந்து விழுந்தது: பாப்பாவ கீழ எறக்கி விட்டுட்டு அடி. மாஸ்டருக்கே புல்லரித்தது. சோப்பு நுரையோடு கண்ணாடியைப் பார்த்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இதைக் கேட்டதும் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார். நல்ல நாளுக்கென்று மடித்து வைத்த சட்டை மாதிரி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சண்டைக்கு முந்தின வாரம், இன்று சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார். அன்று பார்த்து ஒரு டிவிக்காரப் பெண் பேட்டி எடுக்க வீட்டுக்கு வந்தாள். மாஸ்டர் சமையலறையில் பழம் நறுக்கிக்கொண்டு காதை மட்டும் முன்னறையில் விட்டிருந்தார்.

"உங்கள உருவாக்கினது யாருன்னு சொல்வீங்க?" என்று கேட்டாள் டிவிக்காரப் பெண்.

மாஸ்டரின் கத்தி நின்றது.

சாம்பியன் கொஞ்சம் யோசித்தாள். "யாரும் உருவாக்கலைங்க. தினமும் காலைல எந்திரிச்சது நான்தான். வலிச்சாலும் எந்திரிச்சேன்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எழுந்தது அவள்தான். ஆனாலும் மாஸ்டருக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது. 'சரிம்மா. அப்படியே எந்திரிச்சுக்கோ' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, பழத்தைத் தட்டில் அடுக்கி, சிரித்த முகத்தோடு கொண்டுபோய் வைத்தார்.

சண்டை நாளன்று அரங்கத்தில் எள் போட இடமில்லை. மாலை வெளிச்சம் போவதற்கு முன்பே வாசலில் கூட்டம் நெருக்கியது. முதல் சில ரவுண்டுகள் சாம்பியன் கையில்தான் இருந்தன. நெட்டை நீளக் கையை நீட்டுவதற்குள் இவள் உள்ளே புகுந்து நாலு குத்து கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் மூலையில் ஸ்டூலில் வந்து உட்காருவாள். மாஸ்டர் வாய்க்காப்பை எடுப்பார். எடுத்ததும் அவள் கேட்கிற முதல் வார்த்தை, "குறை?" இவரும் ஏதாவது ஒன்று சொல்வார்.

ஐந்தாவது ரவுண்டில் களைப்பு தெரிந்தது. வலது கை இடுப்புக்கு இறங்கியது. நெட்டையின் ஹூக் அவள் காதோரமாக ஒரு விரற்கடை தள்ளிப் போனது. நெட்டை எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. மாஸ்டர் கவனித்தார்.

ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். "குறை?"

ஒரு நிமிஷம் முழுதாக இருந்தது. வார்த்தையும் தயாராக இருந்தது. ரிங்கைச் சுற்றி அத்தனை வாயும் அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தன.

"தோள இறுக்காத" என்றார்.

அடுத்த ரவுண்டில் அந்த ஹூக் வந்தது. இந்த முறை தள்ளிப் போகவில்லை. சாம்பியன் வெட்டிப் போட்ட மாதிரி விழுந்தாள். நடுவர் எண்ண ஆரம்பித்தார். மாஸ்டருக்கு எண்கள் காதில் விழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எந்திரி, எந்திரி, கடவுளே எந்திரிடி" என்று அழுதார். கடைசி எண்ணுக்கு முன்னால் அவள் முழங்காலை ஊன்றி எழுந்தாள். தள்ளாடித் தள்ளாடி மிச்ச நேரத்தைக் கழித்தாள். மணி அடித்தது.

வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் ரத்தத்தைத் துடைத்தார், கன்னத்தில் ஐஸ் வைத்தார், வாய்க்காப்பை எடுத்தார். எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவள் கேட்கவில்லை.

அவருடைய தோளுக்கு மேலே விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழகின நாளிலிருந்து அவள் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மாஸ்டருக்குக் குலை நடுங்கிவிட்டது. அவள் விழுந்ததற்கு நடுங்கினதைவிட அதிகமாகவே நடுங்கியது என்று சொன்னால், மனுஷன் அப்படியும் இருப்பானா என்பீர்கள். இருந்தார்.

"பாப்பாவ கீழ எறக்கி விட்டுட்டு அடி" என்றார்.

அவள் மெல்லத் திரும்பினாள். முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். கிளவுஸுக்குள் இருந்த அந்தக் கை, அப்போதும் இடுப்போரம் வளைந்துதான் இருந்தது. மூலைக் கம்பத்தில் கட்டியிருந்த டிவி மைக் அந்த வார்த்தையை அரங்கம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதற்கப்புறம் அந்தக் கை கன்னத்தைவிட்டு நகரவில்லை. நெட்டை என்னென்னவோ செய்து பார்த்தாள், நடக்கவில்லை. கடைசி ரவுண்டில் பாதி போயிருக்கும், சாம்பியன் வலதால் குத்திவிட்டுக் கையைத் தொப்பென்று இடுப்புக்குக் கீழே போட்டாள். மாஸ்டர் ஐயோ என்று கத்தினார். நெட்டையும் பார்த்தாள். ஆசையோடு இடது ஹூக்கை வீசினாள். அந்த இடத்தில் சாம்பியனின் தலை இல்லை. முழங்காலை மடக்கி, ஹூக்குக்கு அடியில் குனிந்து, இடுப்பிலிருந்த அந்தக் கையை அப்படியே கிளப்பி நெட்டையின் தாடையில் கொண்டுபோய் வைத்தாள். நெட்டையால் எழுந்திருக்க முடியவில்லை.

அரங்கம் பிய்த்துக்கொண்டது. மாஸ்டர் ரிங்குக்குள் தாவி அவளைத் தூக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அது உண்மையான அழுகை. அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு குரல் கேட்டது: நான் கையை மேலே வைக்கத்தானே சொன்னேன், கீழே போட்டு ஜெயிக்க இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஆனால் வெளியே வந்ததும் அந்தக் குரலும் அடங்கிவிட்டது. பார்க்கிறவர்களெல்லாம் அவர் முதுகில் தட்டினார்கள். "மாஸ்டர், என்னா ஒரு வார்த்தை மாஸ்டர்!" "பாப்பாவ எறக்கி விடுன்னீங்களே, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு." அதே டிவிக்காரப் பெண் ஓடி வந்து, நாளைக்கு உங்களைத் தனியாகப் பேட்டி எடுக்க வேண்டும் என்றாள். ஒருவர்கூட 'சாம்பியன் வீட்டுக்காரர்' என்று சொல்லவில்லை. மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

உடை மாற்றும் அறை சின்னது. ஒரு பெஞ்சு, ஒரு குழாய், மினுக்கிக்கொண்டே இருக்கிற டியூப்லைட். சாம்பியன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் கைக்கட்டைக் கத்தரிக்கோலால் வெட்ட ஆரம்பித்தார்.

"எப்ப பாத்தீங்க?" என்றாள்.

"எத?"

"கை எறங்கறத."

"அந்த ரவுண்டுலதான். நீ விழுந்தியே, அப்பதான்."

அவள் தலையை ஆட்டினாள். முதல் கையின் கட்டு பிரிந்து விழுந்தது. இரண்டாவது கையை நீட்டினாள்.

"கை எறங்குதுன்னு ஒரு ரவுண்டுல பாத்துடலாம். அது பாப்பாவ தூக்கற கைன்னு கண்டுபுடிக்க?"

"தோணுச்சு. திடீர்னு தோணுச்சு."

"ரத்தம் தொடச்சு, ஐஸ் வெச்சு, தண்ணி குடுத்து, அதுக்கு நடுவுல அவ்வளவு அழகா தோணுச்சா?" அவள் குரலை உயர்த்தவேயில்லை. "அவசரத்துல நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? கையி கையின்னு கத்துவீங்க. இது செஞ்சு வெச்ச வார்த்தைங்க. ரொம்ப நாளா செஞ்சு வெச்சது."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. வெளியே யாரோ அந்த வார்த்தையைத்தான் உரக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடி வாங்கினது பரவால்ல. அடி வாங்கத்தான் ஏறறேன்" என்றாள். "தினமும் உங்களத்தானே கேட்டேன். வாயத் தொறந்து தினமும் கேட்டேனே."

மாஸ்டர் குனிந்தபடியே இருந்தார். அவள் திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் பிழைத்துப் போயிருப்பார்.

"வீட்டுக்குப் போலாம். அண்ணி தனியா பாப்பாவோட அல்லாடிட்டு இருப்பாங்க" என்றாள். பிறகு, கடையில் வாங்க வேண்டியதை நினைவுபடுத்துகிற குரலிலேயே சொன்னாள்: "அடுத்த சண்டைக்கு மூலையில வேற ஆள் வெச்சுக்கறேன். காலைல பயிற்சிச் சண்டைக்கும்."

மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். அவருக்கே அது நன்றாகத் தெரிந்தது. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வரவும் வந்தது. மாஸ்டர் தலையை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார்.

"யாரு?" என்றார்.

ஒரு கண்ணால் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு, மீதிக் கட்டைப் பல்லால் கடித்துத் தானே பிரிக்க ஆரம்பித்தாள்.